காற்றூட்டிய குவியல் பன்னிரண்டு நாளில் குளிர்ந்துவிட்டது: புளோயர் போதவில்லையா?

தட்டைக்காடு எழுதியது:

மக்காச்சோளத் தட்டை, வைக்கோல், தொழுவத்துச் சாணம் ஆகியவற்றை இதுவரை குழியிலிட்டு, ஆறேழு மாதம் காத்திருந்து எருவாக்கி வந்தேன். இந்த முறை, குழாய் வழியாகக் காற்றைச் செலுத்தி, கிளறாமலே மட்கவைக்கும் நிலைக்குவியல் முறையை முயன்றேன். 10 செ.மீ. விட்டமுள்ள துளையிட்ட குழாய்கள் மூன்றைத் தரையில் நீளவாக்கில் கிடத்தி, அவற்றின்மேல் ஒரு சாண் கனத்துக்குத் தட்டையைப் பரப்பி, அதற்குமேல் சாணம் ஓர் அடுக்கு, தட்டையும் வைக்கோலும் ஓர் அடுக்கு என மாற்றி மாற்றிப் போட்டு, 9 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட குவியலாக அமைத்தேன். ஒரு குதிரைத்திறன் கொண்ட புளோயர் மூன்று குழாய்களுக்கும் சேர்த்து இரவு பகலாக ஓடியது.

மூன்றாம் நாள் மேற்பகுதியில் 62 டிகிரி செல்சியஸ் இருந்தது. எட்டாம் நாள் 47 ஆனது. பன்னிரண்டாம் நாள் 38க்கு இறங்கிவிட்டது. மட்கி முடிந்ததென்று மகிழ்ந்து ஓரிடத்தில் வெட்டிப் பார்த்தபோது, குழாயை ஒட்டிய பகுதியில் தட்டைகள் போட்டபடியே கிடந்தன. அவற்றின்மேல் சாம்பல் பூசியதுபோல ஒரு வெண்படலம் மட்டும் படர்ந்திருந்தது. மேற்புறத்திலோ சாணம் கட்டி கட்டியாக, ஈரமாக, துர்நாற்றத்துடன் இருந்தது. ஒரே குவியலில் ஒரு பக்கம் காய்ந்தும் மறுபக்கம் அழுகியும் இருப்பதைப் பார்த்தால் காற்று எல்லா இடத்துக்கும் சென்று சேரவில்லை என்றே தோன்றுகிறது. இரண்டு குதிரைத்திறன் புளோயருக்கு மாற வேண்டுமா?

எருக்குழி எழுதியது:

புளோயரை நிறுத்திவிட்டுக் கடப்பாரையை எடுங்கள் என்பதே என் ஆலோசனை. காற்றோட்டத்துக்கு மின்சாரம் தேவை என்ற எண்ணம் அண்மைக்காலத்தது. ஆங்கிலேய வேளாண் அறிவியலர் ஆல்பர்ட் ஹோவர்டு 1920களில் இந்தூரில் வகுத்த முறையில், குவியலை நிரப்பிய கையோடு கடப்பாரையைச் செங்குத்தாக இறக்கி, அப்படியும் இப்படியும் அசைத்துக் காற்றுப்போக்குத் துளைகளை உண்டாக்கினார்கள். பிறகு குறித்த இடைவெளிகளில் கிளறினார்கள், கிளறும்போதெல்லாம் தண்ணீர் தெளித்தார்கள். காற்று, நீர், கலவை ஆகிய மூன்றையும் அந்த ஒரு வேலையே கவனித்துக்கொண்டது. நீங்கள் காற்றை மட்டும் தனியே பிரித்து எடுத்து இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, மற்ற இரண்டையும் மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஊதுகுழல் எழுதியது:

ஐயா எருக்குழி அவர்களின் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் சுட்டிய காரணம் சரியானது. தட்டைக்காடு அவர்களே, பெரிய புளோயர் வாங்கும் முன் சில அளவுகள் தேவைப்படுகின்றன. புளோயரின் பெயர்ப்பலகையில் மணிக்கு எத்தனை கனமீட்டர் என்று இருக்கிறது? குழாயில் எந்த விட்டத்தில் எத்தனை துளைகள், எங்கிருந்து எங்கு வரை? காய்ந்த பகுதியிலிருந்தும் ஈரமான பகுதியிலிருந்தும் தலா 100 கிராம் எடுத்து, 105 டிகிரியில் ஒரு நாள் முழுவதும் உலர்த்தி மீண்டும் நிறுத்தால், குறையும் எடையே ஈரப்பதத்தின் சதவீதம். தட்டையை எந்த நீளத்துக்கு வெட்டினீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.

தட்டைக்காடு எழுதியது:

பெயர்ப்பலகையில் 1,000 கனமீட்டர் என்று உள்ளது. துளைகள் 12 மி.மீ. விட்டம் கொண்டவை; ஒவ்வொரு குழாயிலும் ஏறத்தாழ 160 துளைகள், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. குழாயருகே எடுத்த மாதிரியில் ஈரம் 28 சதவீதம், மேற்புறச் சாணக்கட்டியில் 71 சதவீதம். தட்டையைப் பெரும்பாலும் வெட்டவில்லை. அரை மீட்டர் நீளத்துக்கு அரிவாளால் ஒடித்துப் போட்டதுதான்.

ஊதுகுழல் எழுதியது:

இந்த எண்களைப் பார்த்தபின் தயக்கமின்றிச் சொல்லலாம்: உங்கள் புளோயர் சிறியதல்ல. குவியலின் உயிரை உறிஞ்சும் அளவுக்குப் பெரியது.

கணக்கைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இந்தத் துறையில் மிகுதியாகத் தவறிப்போகும் இடம் இதுதான். நுண்ணுயிர்கள் ஒரு கிலோ ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது சுமார் 14 மெகாஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. அந்த ஒரு கிலோ ஆக்சிஜனைக் கொடுப்பதற்கு மூன்றரை முதல் நான்கு கனமீட்டர் காற்று போதும். ஆனால் அதே வேளையில் உண்டான வெப்பம் முழுவதையும் வெளியேற்றி, குவியலை 60 டிகிரியில் நிறுத்திவைக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட 30 கனமீட்டர் காற்று தேவைப்படும். அதாவது, சுவாசிக்கத் தேவையான காற்றைவிடக் குளிர்விக்கத் தேவையான காற்று ஏறத்தாழ எட்டு மடங்கு அதிகம். அந்தக் காற்று வெப்பத்தை எப்படிக் கொண்டுபோகிறது? பெரும்பகுதி நீராவியாகத்தான். ஒரு கிலோ ஆக்சிஜன் செலவாகி, அதன் வெப்பம் இப்படி வெளியேற்றப்படும்போது ஏறத்தாழ ஐந்து லிட்டர் தண்ணீர் குவியலை விட்டுப் போய்விடுகிறது.

இப்போது உங்கள் குவியலுக்கு வருவோம். மேலே குறுகும் வடிவத்தைக் கணக்கில் கொண்டால் 48 கனமீட்டர். கனமீட்டருக்கு 400 கிலோ என்று வைத்தால் 19 டன். 60 சதவீத ஈரத்தில் தொடங்கியிருந்தால் ஏழரை டன் உலர்பொருள், பதினொன்றரை டன் தண்ணீர். குவியலின் எதிர்ப்பினால் புளோயரின் திறன் குறைந்து 800 கனமீட்டர்தான் வந்தது என்று கொண்டாலும், 50 டிகிரியில் வெளியேறும் ஈரக்காற்று, உள்ளே சென்ற ஒவ்வொரு கனமீட்டருக்கும் சுமார் 90 கிராம் நீரைக் கூடுதலாக எடுத்துச் செல்கிறது. மணிக்கு 72 கிலோ. ஒரு நாளில் ஒன்றே முக்கால் டன். நான்கே நாளில் ஏழு டன் தண்ணீர் போய்விட்டால், மிச்சமிருப்பது 40 சதவீதத்துக்கும் கீழான ஈரம். அந்த நிலையில் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். வெப்பம் இறங்கியது மட்கி முடிந்ததனால் அல்ல, காய்ந்துபோனதனால். நீங்கள் கண்ட வெண்படலம் ஆக்டினோமைசீட்டுகள் எனப்படும் நுண்ணுயிர்கள். சூடும் வறட்சியும் சேர்ந்த இடத்தில் அவை அப்படிப் படர்வது வழக்கம்.

மேற்புறம் ஈரமாக இருப்பதும் இதே காரணத்தின் மறுபக்கம்தான். கீழே ஆவியான நீர் மேலே வந்து, குளிர்ந்த மேற்பரப்பை அடைந்ததும் அங்கே மீண்டும் நீராகிறது. அதோடு சாணத்தை அடுக்காகப் போட்டிருக்கிறீர்கள்; காற்று எப்போதும் எளிய வழியையே தேடும் என்பதால், அரை மீட்டர் தட்டைகளுக்கு இடையிலான இடைவெளிகளில் அது வாய்க்கால் பிடித்து ஓடிவிட்டது. சாணக்கட்டிக்குள் நுழைய அதற்கு ஒரு காரணமும் இல்லை. இந்தக் குவியலில் இரண்டு குதிரைத்திறன் புளோயரை மாட்டினால், காய்ந்த பகுதி இன்னும் வேகமாகக் காயும். அழுகும் பகுதி அழுகிக்கொண்டே இருக்கும்.

எருக்குழி எழுதியது:

இதைத்தான் நானும் சொன்னேன், எண்கள் இல்லாமல்.

சல்லடை எழுதியது:

காற்றூட்டிய குவியல்களைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இந்தத் தவறு ஏன் இத்தனை பேருக்கு நேர்கிறது என்பதற்கு இந்த முறையின் பிறப்பிலேயே ஒரு விடை இருப்பதாக நினைக்கிறேன். குழாய்வழிக் காற்றூட்டும் நிலைக்குவியல் 1970களில் அமெரிக்க வேளாண்துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வுமையத்தில் உருவாக்கப்பட்டது. அவர்கள் மட்கவைத்தது பண்ணைத் தட்டையை அல்ல. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் சேற்றை. அந்தச் சேற்றை மரச்சில்லுகளுடன் கலந்து, காற்றை உள்ளிழுத்து, வெளிவரும் காற்றை முதிர்ந்த உரக்குவியல் ஒன்றின் வழியாகச் செலுத்தி நாற்றத்தை நீக்கினார்கள். சுமார் மூன்று வாரம் காற்றூட்டல், அதன்பின் ஒரு மாதம் முதிர்வு. மிதமிஞ்சிய ஈரம்தான் அவர்களுடைய சிக்கல், ஆகவே புளோயர் உலர்த்தியது அவர்களுக்கு வரமாயிற்று. மரச்சில்லு நசுங்காது, ஆகவே காற்றுக்கான இடைவெளி கடைசி வரை நிலைத்தது. நாம் அவர்களுடைய குழாயையும் புளோயரையும் எடுத்துக்கொண்டு, உலர்ந்த தட்டையின்கீழ் வைத்துவிட்டு, அதே பலனை எதிர்பார்க்கிறோம்.

தட்டைக்காடு அவர்களே, கலவையைப் பற்றியும் பேசியாக வேண்டும். நிலைக்குவியல் என்றால் கிளறாத குவியல். கிளறாத குவியலில், முதல் நாளுக்கு முன் செய்யாத கலவை பிறகு ஒருபோதும் நிகழாது. அடுக்கடுக்காகப் போடுவது கிளறப்போகிறவர்களுக்கு உரிய முறை. நீங்கள் தட்டையை 3 முதல் 7 செ.மீ. துண்டுகளாக வெட்டி, டிராக்டர் வாளியால் குறைந்தது மூன்று முறை புரட்டி, சாணம் ஒவ்வொரு துண்டின்மேலும் பூசியதுபோல ஒட்டிய பிறகே குழாயின்மேல் ஏற்ற வேண்டும். அதற்கும் மேலாகப் பொடியாக்கிவிடாதீர்கள். துகள் சிறுத்தால் குவியல் தன் எடையிலேயே நசுங்கி மூச்சடைக்கும்.

இதைச் சோதிக்க 20 லிட்டர் வாளி ஒன்று போதும். கலவையால் மூன்றிலொரு பங்கு நிரப்பி, ஓரடி உயரத்திலிருந்து பத்து முறை தரையில் தட்டென்று இறக்குங்கள். மறுபடி நிரப்பி மறுபடி இறக்குங்கள். கடைசியில் விளிம்புவரை நிரப்பி எடை பாருங்கள். வாளியின் எடையைக் கழித்து 12 கிலோவுக்கு மேல் இருந்தால், கலவையில் காற்றுக்குப் போதிய இடமில்லை என்று பொருள். 8 முதல் 10 கிலோ வரை இருந்தால் எனக்கு மனநிறைவு.

தட்டைக்காடு எழுதியது:

இருவருக்கும் நன்றி. வெட்டும் கருவி ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டேன். கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் 30க்கு 1 என்று வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சாணத்தின் விகிதம் 20, தட்டையினுடையது 60க்கு மேல் என்று கொண்டு, உலர்எடையில் சரிபாதி கலந்தால் 31 வருகிறது. அப்படியே கலந்துவிடலாமா?

சல்லடை எழுதியது:

கலக்கலாம், ஆனால் குவியல் சேறாகும். புதுச்சாணத்தில் 80 சதவீதம் தண்ணீர். ஒரு டன் உலர்ந்த சாணம் என்பது ஐந்து டன் ஈரச்சாணம். அதனுடன் ஒரு டன் உலர்எடைக்குத் தட்டையைச் சேர்த்தால், மொத்த ஈரம் 68 சதவீதம் ஆகிவிடும். நமக்கு வேண்டியது 55 முதல் 60 வரை.

எனவே ஈரத்தை முதலில் சரிசெய்துவிட்டு, விகிதத்தை அதன் பின்னால் வரவிடுங்கள். ஐந்து டன் ஈரச்சாணத்துக்கு, 15 சதவீத ஈரமுள்ள தட்டை இரண்டு டன் என்று எடுத்துக்கொண்டால் ஈரம் 61 சதவீதம் ஆகும். விகிதம் 36 அல்லது 37க்கு ஏறும். அதிலும் குவியல் சூடாகும். சற்று மெதுவாக நடக்கும், அவ்வளவே. அதைக் குறைக்க வேண்டுமென்றால் உலர்ந்த கோழி எரு 400 கிலோ சேருங்கள். கோழி எருவில் நைட்ரஜன் மிகுதி, ஈரம் குறைவு. அதனால் விகிதம் 29க்கு இறங்கும், ஈரமும் 60க்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். இந்த எண்களெல்லாம் சராசரிச் சத்தளவை வைத்துப் போட்டவை என்பதை மறக்க வேண்டாம். தட்டையில் உள்ள கார்பனில் ஒரு பகுதி லிக்னின் என்னும் எளிதில் மட்காத பொருளாகப் பூட்டிக் கிடப்பதால், காகிதத்தில் 30 என்பது குவியலுக்குள் அதைவிடக் குறைவாகவே நடந்துகொள்ளும்.

கையால் பார்ப்பதானால், ஒரு பிடி கலவையை அழுத்திப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி கசிய வேண்டும். வழிந்து ஓடினால் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்துபோனால் குறைவு. காற்றூட்டும் குவியலுக்கு நான் எப்போதும் அதிகத்தின் பக்கமே சாய்வேன், புளோயர் எப்படியும் அதைக் குறைக்கத்தான் போகிறது.

ஊதுகுழல் எழுதியது:

குழாயைப் பற்றி இரண்டு செய்திகள். குழாயின் குறுக்குப் பரப்பு 78 சதுர சென்டிமீட்டர். உங்கள் 160 துளைகளின் கூட்டுப் பரப்பு 180. துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் குறுக்குப் பரப்பைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான விதி. தாண்டினால் குழாய்க்குள் அழுத்தம் நிலைக்காமல், காற்று நீளம் முழுவதும் சீராகப் பிரிந்து வெளிவராது. 12 மி.மீ. துளை எழுபது போதும். அடுத்தது, துளைகளை முனைவரை போடக்கூடாது. குவியலின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்தை இரு முனைகளிலும் துளையின்றி விடுங்கள். இல்லாவிட்டால் காற்று உள்ளே ஏறாமல் ஓரச்சரிவு வழியாக வெளியேறிவிடும். உங்கள் அளவுக்கு நடுவே உள்ள 5 மீட்டரில், ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில், 35 துளைகள் வீதம் இரண்டு வரிசை. துளைகள் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் அடைபடா. குழாயில் சேரும் நீரும் வடிந்துவிடும்.

புளோயரை மாற்ற வேண்டாம். ஒரு டைமர் மட்டும் போதும். ஒரு டன் உலர்பொருளுக்கு மணிக்கு 20 கனமீட்டர் என்பது சுவாசத்துக்குப் போதுமான சராசரி. உங்களுடைய ஏழரை டன்னுக்கு 150. எனவே இருபது நிமிடச் சுற்றில் நான்கு நிமிடம் ஓடட்டும், பதினாறு நிமிடம் ஓயட்டும். ஓய்வை அரை மணிக்கு மேல் நீட்டாதீர்கள். சூடேறிய குவியல் தன் இடைவெளிகளில் உள்ள ஆக்சிஜனை அதற்குள் பெரும்பாலும் தீர்த்துவிடும். அந்த இடைவெளிகளில் உள்ள காற்றில் ஆக்சிஜன் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் நாற்றம் தொடங்கும். 10க்கு மேல் வைத்திருப்பது நல்லது. 65 டிகிரியைத் தாண்டினால் மட்டும் தொடர்ந்து ஓடும்படி ஒரு வெப்பநிலைச் சுவிட்சை இணைத்துவிட்டால், சுவாசத்துக்குத் தனி, குளிர்விப்புக்குத் தனி என்று இரண்டு வேலைகளும் பிரிந்துவிடும்.

இறக்கை விசிறியை யாரேனும் பரிந்துரைத்தால் கேட்காதீர்கள். திறந்த வெளியில் நிறையக் காற்றைத் தள்ளும், குவியலின் எதிர்ப்பைக் கண்டதும் அப்படியே நின்றுவிடும்.

எருக்குழி எழுதியது:

ஒரு கேள்வி. கிளறாத குவியலின் ஓரம் சூடாவதே இல்லை. களைவிதையும் நோய்க்கிருமியும் அங்கே பத்திரமாக இருக்கும். நான் கிளறும்போது ஓரம் உள்ளே போகிறது. உங்கள் முறையில்?

சல்லடை எழுதியது:

மிகச் சரியான கேள்வி, ஐயா. ஓரத்தைச் சூடாக்க முடியாது என்பதால், ஓரத்தில் கழிவே இல்லாமல் செய்துவிடுகிறோம். முதிர்ந்த உரத்தை 20 முதல் 30 செ.மீ. கனத்துக்குக் குவியல் முழுவதும் போர்த்தினால், குளிரும் பகுதி அந்தப் போர்வையாகிறது. அதற்குள் இருப்பதெல்லாம் சூட்டைப் பார்த்துவிடுகிறது. அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளே இந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கின்றன. காற்றூட்டிய நிலைக்குவியல் 55 முதல் 77 டிகிரிக்குள் மூன்று நாள் நின்றால் போதும். கிளறும் நீள்குவியல் அதே சூட்டில் பதினைந்து நாள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையேனும் கிளறப்பட வேண்டும். போர்வைக்கு இன்னொரு பயனும் உண்டு. கோழி எரு சேர்த்தால் முதல் வாரத்தில் அம்மோனியா கிளம்பும். போர்வை அதில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். போர்வையில்லாத குவியலில் நைட்ரஜனை நீங்களே ஊதி வெளியே தள்ளுகிறீர்கள் என்றுதான் கொள்ள வேண்டும்.

கிளறுவதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கிளறும்போது உள்ளே போகும் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துபோகிறது என்பது உண்மைதான். ஆனால் கிளறலின் பெரும்பயன் ஆக்சிஜன் அல்லவே. கட்டியை உடைப்பதும், அமுங்கியதை உப்பவைப்பதும், காய்ந்த இடத்துக்கு நீரைக் கொண்டுசெல்வதும்தான். அதனால்தான் நானும் பதினைந்து அல்லது இருபதாம் நாளில் ஒருமுறை குவியலைப் பிரித்து, நனைத்து, மீண்டும் அமைக்கிறேன். தூய நிலைக்குவியல் கொள்கைக்கு இது துரோகம்தான்; பலன் மட்டும் நன்றாக இருக்கிறது.

விதைப்பெட்டி எழுதியது:

இழையின் நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். 60 டிகிரிச் சூட்டில் களைக்கொல்லி எச்சமும் அழிந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா? நான் வைக்கோலை வெளியிலிருந்து வாங்குகிறேன். அந்த வயலில் என்ன தெளித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

சல்லடை எழுதியது:

எடுத்துக்கொள்ளாதீர்கள். பல மருந்துகள் சிதைந்துவிடும். ஆனால் அமினோபைரலிட், குளோபைரலிட், பிக்ளோரம் ஆகிய மூன்றும் மட்கும் சூட்டைத் தாண்டி நிற்கக்கூடியவை. புல்வகைப் பயிர்களை இவை தாக்குவதில்லை என்பதால், தெளித்த வயலின் வைக்கோல் பார்வைக்குக் குற்றமற்றதாகவே இருக்கும். மாடு அதைத் தின்றால் சாணத்திலும் வந்து சேரும். அவரை, தக்காளி போன்ற அகன்ற இலைப் பயிர்களுக்கு மிகச் சிறிய அளவே போதும் கேடு செய்ய.

சோதனை எளிது. உரத்தையும் வழக்கமான நாற்று மண்ணையும் சரிபாதி கலந்து மூன்று தொட்டிகள், உரமில்லாத மண்ணில் மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றிலும் மூன்று அவரை விதைகள். மூன்று நான்கு வாரம் பாருங்கள். உரத்தொட்டியில் மட்டும் இளந்தளிர் கிண்ணம்போலக் குவிந்தோ, நுனி முறுக்கிக்கொண்டோ வந்தால் அந்த உரத்தைக் காய்கறிப் பாத்தியில் இடாதீர்கள். தொட்டிகளின் வடிநீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகாதபடி தள்ளி வைப்பது அவசியம்.

தட்டைக்காடு எழுதியது:

இரண்டாம் குவியலை அமைத்து ஐந்து வாரம் ஆகிறது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தட்டையை வெட்டி, சாணத்துடனும் கோழி எருவுடனும் நான்கு முறை புரட்டினேன். வாளிச்சோதனையில் ஒன்பதரை கிலோ வந்தது. தொடக்க ஈரம் 61 சதவீதம். பழைய குழாய்களை அகற்றிவிட்டு, எழுபது துளைகளுடன் புதிய குழாய்களை வைத்தேன். போர்வைக்கு முதிர்ந்த உரம் போதவில்லை. பழைய குழியிலிருந்து எடுத்த எருவைச் சலித்து, மேற்புறம் ஒரு சாண் கனத்துக்கும் பக்கங்களில் அதில் பாதிக்கும்தான் போட முடிந்தது. பக்கங்களில் முதல் வாரம் அம்மோனியா நெடி இருந்தது. மேலே அவ்வளவாக இல்லை.

இரண்டாம் நாளிலேயே 55 டிகிரியைத் தாண்டியது. நான்காம் நாள் 66 ஆனபோது வெப்பநிலைச் சுவிட்ச் புளோயரைத் தொடர்ந்து ஓடவிட்டது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இறங்கியது. பதினாறாம் நாள் வரை 55க்குக் கீழே போகவில்லை. பதினெட்டாம் நாள் 51 ஆனதும், முதல் தடவை செய்த தவறு நினைவுக்கு வர, முடிந்துவிட்டது என்று நம்பாமல் வெட்டிப் பார்த்தேன். குழாயருகே ஈரம் 43 சதவீதம். ஆகவே சல்லடை அவர்கள் சொன்னபடி பிரித்து, தண்ணீர் தெளித்து, மறுபடி அமைத்தேன். இரண்டே நாளில் மீண்டும் 58க்கு ஏறியது. நான் காத்திருந்தது காற்றுக்கல்ல, தண்ணீருக்குத்தான் என்பது அப்போது உறைத்தது.

இப்போது குவியலின் உயரம் 2 மீட்டரிலிருந்து 1.2 மீட்டருக்கு வந்துவிட்டது. தட்டை கருத்து, விரலால் பிய்த்தால் பிய்கிறது. வெப்பம் 36. இதை முதிர்ந்த உரம் என்று சொல்லலாமா?

சல்லடை எழுதியது:

இன்னும் சொல்ல முடியாது. ஒரு கைப்பிடியை நனைத்து, பைக்குள் இட்டு வாயைக் கட்டி, ஒரு வாரம் கழித்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். மண்வாசம் வந்தால் நல்லது. புளித்த வாசமோ அம்மோனியாவோ வந்தால் வேலை மீதி இருக்கிறது. எப்படியாயினும் புளோயரை நிறுத்திவிட்டு, ஒன்றரை மீட்டருக்கு மிகாத குவியலாகக் கூட்டி, மழைபடாமல், ஈரம் 45 முதல் 50க்குள் இருக்கும்படி ஆறு வாரம் விட்டுவிடுங்கள். முதிர்வுக்காலத்தில் ஆக்சிஜன் தேவை மிகக் குறைவு. இயல்பான காற்றோட்டமே போதும்.

எருக்குழி எழுதியது:

பதினெட்டாம் நாளில் பிரித்தீர்கள், நனைத்தீர்கள், மறுபடி அமைத்தீர்கள். எங்கள் ஊரில் வழங்காத சொல்லில் இதற்கு என்ன பெயர் வைத்தாலும், தமிழில் இதைக் கிளறுதல் என்போம். இருந்தாலும், ஆறு முறை கிளறுவதற்குப் பதிலாக ஒரே முறை என்பதை நான் மறுக்க மாட்டேன். என் முதுகும் மறுக்காது. மின்சாரம் இல்லாத களத்தில், துளையிட்ட குழாய்களின் இரு முனைகளையும் திறந்தபடி விட்டு, சூட்டினால் தானே மேலெழும் காற்றை நம்பிச் செய்யலாம் என்று படித்தேன். ஊதுகுழல் அவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்?

ஊதுகுழல் எழுதியது:

செய்யலாம், ஐயா. குவியலை ஒன்றரை மீட்டருக்கு மேல் உயர்த்தாமல், கலவையை இன்னும் பொலபொலப்பாக வைத்தால் போதும். சூடான காற்று மேலேறும்போது குழாய் வழியாகப் புதுக்காற்று தானே இழுபடும். குவியல் குளிரும்போது இழுப்பும் தளரும் என்பதால், தேவையும் வரவும் ஓரளவு தாமாகவே பொருந்திவிடுகின்றன. டைமர் வைத்த புளோயரிடம் இந்த நயம் இல்லை. நேரம் கூடுதலாகும், உலர்வது குறையும். குழாயின் மேல்பரப்பை மென்மையான கலவை அடைத்துவிடாதிருக்க, அதன்மேல் வைக்கோல் படுகை ஒன்று கட்டாயம் வேண்டும்.

தட்டைக்காடு எழுதியது:

பைச்சோதனையில் மண்வாசம்தான் வந்தது. முதிர்வுக்கு விட்டிருக்கிறேன். விதைப்பெட்டி அவர்கள் கேட்டதைப் படித்தபின் நானும் அவரைச் சோதனை வைத்தேன். நானும் ஒரு பகுதி வைக்கோலை வெளியிலிருந்து வாங்கியவன்தான். இருபத்தைந்து நாளாகிறது. உரத்தொட்டிகளில் இலைகள் விரிந்து, நேராக, உரமில்லாத தொட்டிகளைவிடச் சற்று அடர்பச்சையாக இருக்கின்றன. முதல் குவியலின் காய்ந்த தட்டையை வெட்டும் கருவியில் போட்டுவிட்டு, நாளை மறுநாள் புதுச்சாணத்துடன் கலந்து மூன்றாம் குவியல் அமைக்கிறேன். இம்முறை போர்வைக்குப் பக்கங்களுக்கும் போதுமான உரம் இருக்கிறது.